ஒரு போன் கோலை எடுக்க இனி டியூஷன் போக வேண்டுமா?

சரி, இன்றைக்கு எனக்கு உண்மையாகவே விசர் ஏறிவிட்டது. வருகிற கோலை எடுப்பது கூடவா இனி ஒரு திறமை?

கொழும்பு வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு முன்னால் காலி வீதியில் நிற்கிறேன். மழை கொட்டுகிறது. வலது கையில் குடையும் மரக்கறிப் பையும், இடது கையில் போன். அப்பில் பிடித்த ஓட்டோக்காரர் எங்கேயோ பக்கத்தில் வந்துவிட்டு என்னைத் தேடி கோல் எடுக்கிறார். இவ்வளவு காலமும் செய்தது போல பெருவிரலால் மேலே இழுத்தேன். அசையவில்லை. திரும்ப இழுத்தேன். பச்சையும் சிவப்பும் அக்கம்பக்கமாக இருந்துகொண்டு என்னைப் பார்க்கின்றன. ஆ, இப்போது பக்கவாட்டில் இழுக்க வேண்டுமாம்! எந்தப் பக்கம்? வலப்பக்கம் இழுத்தால் எடுபடும், இடப்பக்கம் இழுத்தால் கட் ஆகும். திரையில் மழைத்துளி வேறு. துளியையும் அது விரல் என்றுதான் நினைக்கும். இடது கைப் பெருவிரலை மேலே கொண்டுபோனால் அது தானாக இடப்பக்கம் வளைந்துதான் போகும், நீங்களே செய்து பாருங்கள். வளைந்தது. கட். அடுத்த நிமிடமே அவர் பயணத்தை ரத்துச் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்வேனா? இரண்டு முறை மேலே தள்ளிவிட்டு மூன்றாம் முறை முகத்திலடித்த மாதிரி வைத்த மனிசியை யார் ஏற்றுவார்?

2025 ஆகஸ்ட்டில் அன்ட்ராய்ட் போன்கள் கனபேருக்கு இப்படித்தான் ஒரு காலையில் முகம் மாறிப் போயிருந்தன. கேட்கவில்லை, சொல்லவில்லை. இரவோடிரவாக யாரோ குசினிக்குள் புகுந்து உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் இடம் மாற்றி வைத்த மாதிரி. விளக்கம் என்ன தெரியுமா? பொக்கற்றிலிருந்து எடுக்கும்போது தவறுதலாகக் கோல் கட் ஆகாமல் இருக்கத்தானாம்! செட்டிங்கில் போய்த் தோண்டினால் இரண்டு தெரிவு இருக்கிறது: பக்கவாட்டில் இழு, அல்லது ஒரு தட்டுத் தட்டு. பழைய மேல் இழுப்பு? அது செத்துப்போச்சு.

"அக்கா, பேசாமல் ஐபோனுக்கு மாறுங்கோ" என்கிறான் லண்டனில் இருக்கிற தம்பி. அவனுக்கென்ன. இங்கே போன் கடைகள் இருக்கிற லிபர்ட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் டி.ஆர்.சி. (தொலைத்தொடர்பு ஆணைக்குழு) அனுமதி உள்ளது ஒரு விலை, இல்லாதது ஒரு விலை. இரண்டையும் கேட்டுவிட்டு மூச்சு வாங்க ஒரு ஐஸ் கோப்பி குடித்து வருவதுதான் மிச்சம்.

சரி, காசைப் புரட்டி மாறினேன் என்றே வைப்போம். அங்கே மட்டும் என்ன வாழுதாம்? போன் லொக்கில் இருந்தால் கோலை இழுத்து எடுக்க வேண்டும், திறந்திருந்தால் தட்டி எடுக்க வேண்டும். ஒரே போன், ஒரே கோல், இரண்டு சட்டம். மேலிருந்து இழுத்து வைஃபையை நிறுத்தினால் அது நிற்காது, "நாளை வரை" விலகி மட்டும் இருக்கும், கோபித்துக்கொண்டு போன மாமியார் கணக்கில். பின்னால் போக நிரந்தரமாய் ஒரு பட்டன் இல்லை. போதாததற்கு 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ல் எல்லாவற்றையும் கண்ணாடியாக்கி வைத்திருக்கிறார்கள். பின்னால் இருக்கிற படம் எது, முன்னால் இருக்கிற எழுத்து எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வேண்டும்.

ஆக, இங்கேயே கிடந்து ஒரு தட்டுத் தட்டுவதாக முடிவு. அதையும் எப்போது மாற்றுவார்களோ.

அன்றைக்கு நூறாம் நம்பர் பஸ்ஸில்தான் ஏறினேன். நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம் வர வேண்டும். இறங்கும்போது தருகிறேன் என்றார் கொண்டக்டர். பம்பலப்பிட்டியில் மணியடித்து, இறங்கி, கையை நீட்டுவதற்குள் பஸ் கொள்ளுப்பிட்டிப் பக்கம் பறந்துவிட்டது. இவங்களுக்கு மட்டும் எந்த அப்டேட்டும் வருவதில்லை, கவனித்தீர்களா?