பிளைண்ட் ஜோ டெத் யார்?

“1959 இசைத்தட்டில் ஒரு பக்கம் வாசித்தவர் பிளைண்ட் ஜோ டெத் என்ற பார்வையற்ற முதிய புளூஸ் கலைஞர், மறுபக்கம்தான் ஜான் ஃபாஹி” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. இரு பக்கமும் வாசித்தவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஃபாஹிதான். பிளைண்ட் வில்லி ஜான்சன் போன்ற பழைய புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) கலைஞர்களின் பெயர்களை வைத்து அவர் செய்த குறும்பு அது. உறையின் ஒரு பக்கம் அவர் பெயர், மறுபக்கம் ‘டெத்’ பெயர். நம்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

பதிவோடு பகிரப்படும் ஒலித்துண்டும் 1959-இன் அசல் அல்ல, ஸ்டீரியோவில் இருக்கிறது. டகோமா என்ற தன் இசைத்தட்டு நிறுவனப் பெயரில் ஃபாஹியே வெளியிட்ட அசல் மோனோ (ஒற்றைத் தட ஒலி). சுமார் 100 பிரதிகளே அச்சாயின. 1964-இல் சில பாடல்களை மறுபடி வாசித்தார். ஸ்டீரியோவில் முழுவதையும் வாசித்தது 1967-இல்.

ஸ்கிப் ஜேம்ஸ் என்ற புளூஸ் கலைஞரையும் இதுபோல் கற்பனைப் பாத்திரம் என்பது பிழை. 1964-இல் மிசிசிப்பி மருத்துவமனையில் அவரைத் தேடிக் கண்டுபிடித்த மூவரில் ஃபாஹியும் ஒருவர்.