பிரேக் ஹோஸ்: ரப்பர் போதுமா, ஸ்டீல் வேண்டுமா?

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயை, அதாவது காரின் ரப்பர் பிரேக் ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி டக்குனு நிக்குது." முதல் பாதி சரி. இரண்டாவது பாதியோடுதான் எனக்குச் சண்டை.

அழுத்தம் ஏறும்போது ரப்பர் ஹோஸ் லேசாக உப்பும், மிதிக்கிற மிதியில் கொஞ்சம் அந்த உப்பலுக்கே போய்விடும். ஸ்டீல் ஹோஸ் என்கிறோமே, அதிலும் ஆயில் ஓடுவது டெஃப்லான் குழாயில்தான், மேலே பின்னியிருக்கும் கம்பி அதை உப்ப விடுவதில்லை, அதனால் பெடல் இறுக்கமாகத் தெரிகிறது. ஆனால் வண்டியை நிறுத்துவது கடைசியில் டயரின் பிடிமானம். நல்ல ரப்பர் ஹோஸிலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு அழுத்தம் வந்துவிடுகிறது என்றால், அதற்கு மேல் ஹோஸை மாற்றி நிற்கும் தூரத்தில் எதைக் குறைக்கப் போகிறீர்கள்?

இன்னொன்று, இந்த ஒப்பீடே நியாயமில்லாதது. பத்து வருஷம் ஓடிய ரப்பரை எடுத்துவிட்டுப் புது ஸ்டீல் போடுகிறார்கள், அதே நாளில் ஆயிலும் புதிது, லைனில் இருந்த ஏரையும் எடுத்தாயிற்று, ஆனால் பேர் மட்டும் ஸ்டீலுக்கு! பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கு விதி கேட்பது 155தான். சூட்டில் ஆயில் கொதித்துப் பெடல் உள்ளே போனால் எந்த ஹோஸும் காப்பாற்றாது.

ரப்பரிலும் குறை உண்டு. வெளியே வெடிப்பு விட்டால் வளைத்துப் பார்த்தாலே தெரியும், மோசமானது உள்ளே ஊதிக்கொள்வது. மிதித்தால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பழி என்னவோ பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் மேல் விழும்.

ஸ்டீலில் உள்ளே நடப்பது கண்ணுக்கே தெரியாது. பின்னலுக்குள் மண் புகுந்தால் டெஃப்லானை அரிக்கும், பக்கத்தில் ஏபிஎஸ் ஒயர் போனால் பின்னல் அதையும் அறுக்கும். மேலே பிளாஸ்டிக் உறை இல்லாத ஹோஸை நான் சாலை வண்டிக்குப் போடவே மாட்டேன். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 106-ன்படி ஹோஸை 35 மணி நேரம் விடாமல் ஆட்டிச் சோதிப்பார்கள், அப்படிப்பட்ட தரச்சான்று இல்லாத பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர், பெடலின் நுணுக்கம் காலுக்குத் தெரிய வேண்டும் என்பவர், தாராளமாக ஸ்டீல் போடட்டும். மற்றவர்களுக்கு என் யோசனை, கம்பெனி ரப்பர் ஹோஸைப் புதிதாகப் போட்டு ஆயிலையும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், அப்புறமும் பெடல் மெத்தென்று இருந்தால் ஸ்டீல் பற்றிப் பேசலாம். எதைப் போட்டாலும் ஹோஸ் இணைப்பில் ஆயில் கசியாமல் அடைக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி ஹோஸ் எங்கேயாவது இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.