தாந்தேயின் நரகத்தில் நெருப்பைவிடப் பேச்சுதான் அதிகம்

இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் படிக்காதவர்களுக்கும் தாந்தேயின் நரகம் தெரியும். ஒன்பது வட்டங்கள், இறங்க இறங்கக் கூடிக்கொண்டே போகும் தண்டனைகள், வாசலில் 'உள்ளே வருபவர்களே, எல்லா நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள்' என்கிற எழுத்து. 1302இல் சொந்த ஊரான ஃப்ளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போகவே முடியாமல் 1321இல் ரவென்னாவில் செத்துப்போன ஒரு மனிதர் எழுதிய 'டிவைன் காமெடி' என்கிற நீண்ட கவிதை இன்றைக்கும் வீடியோ கேமாக, ஹாலிவுட் படமாக, மீமாக வலம் வருகிறது. கவிதைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை உண்டு. நரகத்தின் வரைபடத்தை மட்டும் உருவிக்கொண்டு, அதற்குள் நின்று பேசுகிற மனிதர்களை நாம் அப்படியே விட்டுவிட்டோம்.

2010இல் வந்த 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாந்தே ஒரு சிலுவைப்போர் வீரன். கையில் பெரிய அரிவாள். சாத்தான் லூசிஃபர் தூக்கிக்கொண்டு போன காதலி பியாட்ரிச்சேயை மீட்க, எதிரே வருவதையெல்லாம் வெட்டிச் சாய்த்தபடி நரகத்தில் இறங்குகிறான். கவிதையில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். அங்கே காட்டில் வழிதவறி நிற்பவர் தாந்தே. அவரைக் காப்பாற்றச் சொல்லி, பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலை வழிகாட்டியாக அனுப்புகிறவள் பியாட்ரிச்சே. கவிதையின் தாந்தே பயப்படுகிறார், அழுகிறார், வர்ஜிலின் பின்னால் ஒளிந்துகொள்கிறார், மயங்கி விழுகிறார். நரகத்தில் அவர் செய்கிற முக்கியமான வேலை ஒன்றுதான்: நின்று விசாரிப்பது. நீ யார், எந்த ஊர், எப்படி இங்கே வந்தாய்?

ஐந்தாம் படலத்தைப் பாருங்கள். காமத்தால் தவறியவர்களைப் புயல் ஓயாமல் சுழற்றியடிக்கிறது. தண்டனையைப் பற்றிய வர்ணனை கொஞ்சம்தான். பிரான்செஸ்காவும் பாவ்லோவும் அருகில் வந்ததும் கவிதையின் குரலே மாறிவிடுகிறது. அவள் அவனுடைய அண்ணன் மனைவி. இருவரும் ஆர்தர் அரசன் கதைகளில் வரும் வீரன் லான்ஸ்லாட்டின் காதல் கதையைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கதையில் முத்தம் வந்த இடத்தில் அவன் நடுங்கியபடி அவளை முத்தமிட்டான். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை என்று சொல்லி முடிக்கிறாள். அவள் பேசி முடிக்கும்வரை பாவ்லோ அழுதுகொண்டே இருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த தாந்தே பிணம் விழுவதைப் போல விழுகிறார். அவளை நரகத்தில் வைத்தவரும் அவர்தான், அவளுக்காக மூர்ச்சையானவரும் அவர்தான். அந்தத் தீர்ப்பும் அந்த இரக்கமும் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கவிதை இன்னும் உயிரோடு இருக்கிறது.

சிற்பி ரொதானுக்கு இது புரிந்திருந்தது. 1880இல் பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்துக்காகக் கேட்கப்பட்ட 'நரகத்தின் வாயில்' என்கிற கதவை அவர் சாகும்வரை செதுக்கிக்கொண்டிருந்தார். உலகமே அறிந்த 'சிந்தனையாளர்' சிலை அந்தக் கதவின் மேற்பகுதியில் உட்கார்ந்து கீழே பார்க்கிற தாந்தேயாகப் பிறந்ததுதான். 'முத்தம்' சிலையும் அதே கதவுக்காகத் தொடங்கியது. அந்த ஆணின் கையை உற்றுப் பாருங்கள், நழுவும் நிலையில் ஒரு புத்தகம் இருக்கும். வட்டம், அடுக்கு, கொதிக்கும் தார் எதுவும் அங்கே இல்லை. படிப்பதை நிறுத்திய அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்புறம் அரசியல். 'நெருக்கடியான காலத்தில் நடுநிலை வகித்தவர்களுக்கே நரகத்தின் மிகச் சூடான இடம்' என்று தாந்தே சொன்னதாக ஜான் கென்னடி தன் உரைகளில் பலமுறை சொன்னார். இன்றைக்கும் தேர்தல் நேரத்தில் இது சுற்றிக்கொண்டிருக்கும். தாந்தே அப்படி எழுதவே இல்லை. எந்தப் பக்கமும் சேராதவர்களை அவர் நரகத்துக்குள்ளேயே விடவில்லை. வாசலுக்கும், நரகத்தின் எல்லையான ஆற்றுக்கும் நடுவில், குளவிகள் கொட்டக் கொட்ட, ஒரு கொடியின் பின்னால் காலமெல்லாம் ஓடவிட்டார். அவர்களைப் பற்றிப் பேசவேண்டாம், பார்த்துவிட்டு நட என்கிறார் வர்ஜில். நரகத்தின் அடியாழத்திலோ நெருப்பே கிடையாது. துரோகிகள் உறைபனியில் புதைந்து கிடக்கிறார்கள். நம்பியவரை ஏமாற்றுகிறவனுக்குள் எந்தச் சூடும் மிஞ்சாது என்று ஒரு கவிஞர் யோசித்திருக்கிறார். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வழக்கமான நெருப்பை மேற்கோளாக்கினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அவர் துணிச்சலையும் மறந்துவிட்டோம். பதவிகளை விற்ற போப்பாண்டவர்கள் தலைகீழாகக் குழிகளில் செருகப்பட்டு, உள்ளங்காலில் தீ எரியக் கிடக்கிறார்கள். அங்கிருக்கும் மூன்றாம் நிக்கோலஸ், வந்திருப்பது எட்டாம் போனிஃபாஸ் என்று நினைத்து, 'அதற்குள் வந்துவிட்டாயா?' என்று கேட்கிறார். கதை நடக்கும் 1300இல் போனிஃபாஸ் உயிரோடு பதவியில் இருந்தவர். தாந்தே ஊரை இழந்ததில் அவருடைய அரசியலுக்கும் பங்கு உண்டு. அதிகாரத்தில் இருந்தவரைப் பெயர் சொல்லி, அவருக்கான குழியையும் காட்டிவிட்ட கவிதை இது. இதைப் போய் பேய்க்கதை போல விற்பது அநியாயம்.

தாந்தேயை இருபதாம் நூற்றாண்டில் உண்மையாகப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டால் நான் பிரீமோ லெவியைத்தான் சொல்வேன். தூரினைச் சேர்ந்த யூத வேதியியலாளர். 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1947இல் அவர் வெளியிட்ட நினைவுநூலில் ஓர் அத்தியாயம் முழுக்க தாந்தேதான். சூப் பாத்திரத்தைக் கொண்டுவர அவரும் ஜான் என்கிற இளைஞரும் போகிறார்கள். ஜானுக்கு இத்தாலியன் கற்க ஆசை. லெவிக்கு ஏனோ 26ஆம் படலம் நினைவுக்கு வருகிறது. நரகத்தின் எட்டாவது வட்டத்தில் தீப்பிழம்புக்குள் இருக்கும் கிரேக்க வீரன் யுலிசீஸ் தன் கடைசிக் கடற்பயணத்தைச் சொல்கிற இடம். நீங்கள் விலங்குகளாக வாழப் பிறந்தவர்கள் அல்ல, அறத்தையும் அறிவையும் தேடப் பிறந்தவர்கள் என்று அவன் தன் மாலுமிகளிடம் சொன்ன வரிகளை லெவி ஒப்பிக்கிறார். தானே முதல்முறை கேட்பது போல இருக்கிறது அவருக்கு. நடுவில் சில வரிகள் மறந்துபோகின்றன. விட்டுப்போன வரிகளைச் சேர்க்க முடிந்தால் இன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்று எழுதுகிறார். பட்டினி போட்டுக் கொல்லும் இடத்தில் ஒருவர் இப்படி நினைத்திருக்கிறார் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

யுலிசீஸ் தாந்தேயின் கணக்கில் குற்றவாளி. ஆனாலும் அவன் வாயில் அத்தனை கம்பீரமான சொற்களை வைத்தார். அப்படி வைத்திருக்காவிட்டால் லெவிக்குப் பற்றிக்கொள்ள அந்த வரிகள் கிடைத்திருக்காது.

படிக்க நினைக்கிறவர்கள் வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். 5, 26, 33 ஆகிய படலங்களை முதலில் படியுங்கள். 33இல், சிறையில் தன் பிள்ளைகளோடு பட்டினி கிடந்து செத்த உகொலினோ பேசுவான். அதை ஒரே மூச்சில் படிப்பது கஷ்டம். லாங்ஃபெலோவின் 1867 ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய ஆங்கிலம்தான், பழகிவிடும். நரகத்தோடு நின்றுவிடாமல், பாவங்களைக் கழுவும் மலையைப் பற்றிய இரண்டாம் காண்டத்துக்கும் போங்கள். 'செவன்' படம் பிரபலமாக்கிய ஏழு பாவங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது அங்கேதான். அங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மலையேறிக்கொண்டிருக்கிறார்கள், தாந்தே அவர்களையும் நிறுத்தி விசாரிக்கிறார்.