ஆர்ச் என்னாச்சு சாமி?

குவைத்தில் வேலை பார்க்கும் எங்கள் பங்குத் தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். "இயேசுவுக்கே புகழ் சாமி. நல்லா இருக்கீங்களா? ஆர்ச் என்னாச்சு சாமி, பசங்க போட்டோ கேக்குறாங்க." கோபமாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த ஊர் வெயிலில் நின்று சம்பாதித்ததிலிருந்து பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவர், கேட்க உரிமை உள்ளவர். ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. ஊரிலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் பாதுகாவலர் பதுவை அந்தோனியார், திருவிழா ஜூன் 13. தண்ணீர் இருக்கிற வருடத்தில் மேட்டூர் அணையைத் திறப்பது ஜூன் 12. அதனால் எங்கள் பெருசுகளுக்கு அணையும் அந்தோனியாரும் ஒரே பேச்சுதான். கொடியேற்றத்தன்று சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றுப் பாலத்தில் போய் நின்று, இன்னும் வராத தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் இந்தப் பங்குக்குப் பங்குத்தந்தையாக வந்து நாலு வருடம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் மணிக்கூண்டு கட்டினார், அவருக்கு முன்னால் இருந்தவர் சமுதாயக் கூடம் கட்டினார், இரண்டிலும் கல்வெட்டு இருக்கிறது. குருக்கள் கூட்டத்தில் பார்த்துக்கொண்டால் "அங்க என்ன வேலை நடக்குது?" என்றுதான் விசாரிப்போம். வேலை என்றால் கலவை போடுகிற வேலை. ஆக, நானும் மெயின்ரோட்டில் ஒன்பது லட்சத்தில் ஒரு ஆர்ச் என்று ஆரம்பித்தேன். தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் வரி, வெளிநாட்டுப் பிள்ளைகள் அவரவர் வசதிப்படி. தூண் இரண்டும் எழும்பிவிட்டன.

போன வருடம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிரானைட் பார்க்கத் திருச்சிக்குப் போனேன். கல் அறுக்கிற மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது பாதி உண்மைதான். ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையிடமிருந்து மூன்று அழைப்பு. தண்ணி மோட்டார் மறுபடி புகைந்திருக்கும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன். கருப்பா சிவப்பா என்று கல்லைத் தேர்ந்தெடுத்து, என் பெயரை எந்த அளவு எழுத்தில் வெட்டுவது என்பது வரை பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் ஏழு அழைப்பு. ஊருக்குள் நுழையும்போது துக்க மணி அடித்துக்கொண்டிருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா. ஆயுசு முழுக்க நடவும் களையெடுப்புமாக இருந்தவர். நாலு மாதமாகப் படுக்கை என்பது எனக்குத் தெரியாது. போனபோது ஸ்டூலில் வெள்ளைத் துண்டு விரித்து, சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, கிண்ணத்தில் தீர்த்தம் ஊற்றி, இரண்டு மெழுகுவத்தி நிறுத்தியிருந்தார்கள். மெழுகுவத்தி இரண்டும் ஏற்றப்படவில்லை. திரி அப்படியே வெள்ளையாக இருந்தது. மகள் அழாமல்தான் சொன்னார்: "காலையிலேர்ந்து வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு சாமி. வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் 'சாமி வந்துட்டாரா'ன்னு கேட்டுச்சு."

உபதேசியார் வந்து செபம் சொல்லியிருக்கிறார், செபமாலையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதலுக்குக் குருவானவர்தான் வேண்டும், உயிரோடு இருப்பவருக்குத்தான் அது கொடுக்கவும் முடியும். கடவுளுடைய இரக்கம் என் வண்டி வந்து சேரும் வரை காத்துக்கொண்டு நிற்காது என்று அந்த மகளிடம் சொன்னேன். அதை நான் முழுசாக நம்புகிறேன். அந்த அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்னைப் பற்றித்தான்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 529ஆம் சட்டம் பங்குத்தந்தையின் கடமையைச் சொல்கிறது. மக்களை அறிந்திருக்க வேண்டும், குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்கள் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளை, அதிலும் சாகக்கிடப்பவர்களைத் தேடிப் போக வேண்டும், ஏழைகளையும் தனித்து விடப்பட்டவர்களையும் தனிக் கரிசனத்தோடு பார்க்க வேண்டும். குருமடத்தில் பரீட்சைக்குப் படித்ததுதான். 2013இல் போப் பிரான்சிஸ் குருக்களைப் பார்த்து, ஆட்டு வாசம் அடிக்கிற மேய்ப்பர்களாக இருங்கள் என்றபோது எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை, ஆளாளுக்கு எடுத்துப் பகிர்ந்தோம். அன்றைக்கு அந்த வீட்டில் என் மேல் அடித்தது கல் தூள் வாசம்.

அடக்கம் முடிந்த ஞாயிறு பங்குப் பேரவையைக் கூட்டி, எல்லா வீட்டுக்கும் போய் வரும் வரை ஆர்ச் வேலை நிற்கட்டும் என்றேன். சரியான சத்தம். "வருசா வருசம் வீடு மந்திரிக்க வரத்தானே செய்றீங்க சாமி" என்றார் ஒருவர். உண்மைதான், வருகிறேன். பீடச்சிறுவன் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, ஒரு பாட்டு, ஒரு செபம், நாலு மூலைக்கும் தீர்த்தம், ஒரு கவர், அடுத்த வீடு. ஒரு சாயங்காலத்தில் முப்பது வீடு. படுக்கையில் இருந்த அந்த அம்மாவின் வீட்டையும் அப்படி மூன்று முறை மந்திரித்திருக்கிறேன், அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

சரி என்று ஒரு நோட்டு வாங்கிக் குடும்பப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஞானஸ்நானப் புத்தகங்கள் 1952இல் மயிலையிலிருந்து தஞ்சை மறைமாவட்டம் பிரிவதற்கு முந்தையவை, கரையான் தொடாமல் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் குடும்ப அட்டையில் செத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், திருப்பூருக்குப் போய்ப் பத்து வருடம் ஆனவர்கள் ஊரில் இருந்தார்கள். கிளைக்கிராமங்களையும் சேர்த்து முந்நூறு சொச்சம் குடும்பம். வாரத்தில் மூன்று சாயங்காலம், ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். எல்லா வீட்டிலும் வரவேற்பு என்று நினைத்துவிடாதீர்கள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவரும் உண்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் எனக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, அடுத்த வாரம் நாலு வீடு தள்ளி இன்னொரு வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கைப்பிடியில் அதே தீப்புண். எனக்காகத் தெருவே ஒரு நாற்காலியைச் சுற்றுக்கு விட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் நான் தரையில் உட்கார்ந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உட்காரவில்லை, எனக்கு முழங்கால் மடங்காது.

இனிமேல் சொல்லப்போவது இன்னும் வெட்கமான விஷயம். வாராவாரம் செவ்வாய்க்கிழமை நடக்கிற அந்தோனியார் நவநாள் செபத்துக்குப் பெண்கள் கூட்டம் குறைந்துவிட்டது. விசுவாசம் குளிர்ந்துபோச்சு, சீரியல்தான் கோவிலாப் போச்சு என்று இரண்டு வருடம் பிரசங்கம் வைத்திருக்கிறேன், நல்ல குரலில், கைகளை ஆட்டி. வீட்டுக்குப் போனால்தான் தெரிகிறது, செவ்வாய்தான் குழுக் கடன் தவணை கட்டும் நாள். சாயங்காலம் வசூலுக்கு ஆள் வந்துவிடுவார். பத்துப் பேர் குழுவில் ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் உட்கார வேண்டும். இருட்டும் வரை உட்காருவார்கள். கையில் காசு இல்லாதவள் கோவில் பக்கம் வந்தால் "சாமி கும்பிடப் போக நேரம் இருக்கு" என்ற பேச்சு வேறு. இதில் யார் விசுவாசம் குளிர்ந்தது?

அந்தோனியார் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவரைக் காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்றே பேசிப் பழகிவிட்டோம். நானும் சாவிக்கொத்துக் கதையைப் பத்துத் தரம் சொல்லியிருப்பேன். ஆனால் பதுவை நகரில் அவர் கடைசியாக வைத்த பிரசங்கங்கள் வட்டிக்காரர்களைப் போட்டுத் தாக்கியவை. 1231 மார்ச்சில், அவர் சாவதற்கு மூன்று மாதம் முன்பு, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த நகரம் ஒரு சட்டம் போட்டது. கடனாளி தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அதற்கு மேல் அவனைச் சிறையில் வைக்கக் கூடாது என்று. அப்படிப்பட்டவருடைய நவநாளுக்கு வர முடியாமல் கடன்காரிகள் தவணைக்கு உட்கார்ந்திருக்க, நான் மைக்கில் அவர்களையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது நவநாளை இரவு எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறோம். கடனுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. வின்சென்ட் தே பால் சபை மூலம் இரண்டு வீட்டுக்குத் தவணைப் பணம் கைமாற்றாகக் கொடுத்தோம், ஒன்று திரும்பி வந்தது, ஒன்று வரவில்லை.

விவசாயத்திலும் அப்படித்தான், வீட்டுக்குப் போன பிறகுதான் பூசைக் கருத்தே, அதாவது பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி மக்கள் எழுதிக் கொடுப்பதே, எனக்குப் புரிந்தது. தை மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கருத்து வந்தது. ஒருவர், மழை வரக் கூடாது என்று. அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாயை மூடிக் குவித்துக் கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பிவிடுவார்கள், இரண்டு ராத்திரி அங்கேயே படுத்திருக்கிறார். இன்னொருவர், ஒரு மழையாவது வேண்டும் என்று. சம்பா அறுப்புக்கு முன்னாலேயே தெளித்த உளுந்து ஈரமில்லாமல் முளைக்காமல் கிடக்கிறது, இருப்பதே ரெண்டு மா நிலம். முன்னாடி என்றால் இரண்டுக்கும் சேர்த்து "நல்ல பருவநிலை வேண்டி" என்று படித்துவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு இரண்டையும் உள்ளது உள்ளபடி படித்தேன். பின்வரிசையில் சிரித்தார்கள், சம்பந்தப்பட்ட இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். பூசை முடிந்து வெளியே நின்று அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இதனால் கட்டடமே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தபோது நான் பட்டுக்கோட்டைப் பக்கம் உதவிப் பங்குத்தந்தை. ஓட்டு வீடும் கூரை வீடும் பறந்துபோனவர்கள் பல நாள் படுத்திருந்தது கோவில் மண்டபத்தில்தான், யாரும் யார் என்ன மதம் என்று கேட்கவில்லை. அந்த மண்டபத்தைக் கட்டிய சாமியாரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நம்மைக் கூரைக்குள் வைப்பது ஒரு கட்டடம், ஊர்ப் பெருமைக்கு நிற்பது ஒரு கட்டடம். இரண்டாவதில் என் பெயரை வெட்டிக்கொள்ள நான் அலைந்தேன்.

அப்புறம் தேர். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். எங்கள் சப்பரம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டாது. கேட்டால் பாலம் குறுகல் என்பார்கள். நான் முதல் வருடம் கேட்டேன், அதையே சொன்னார்கள், தலையாட்டிவிட்டேன். வீடு வீடாகப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அந்தப் பாலத்தில் வழிவிட்டு ஓரமாக நின்றேன், எதிரில் நெல் அறுக்கிற மெஷின் வந்துகொண்டிருந்தது. அது தாராளமாகத் தாண்டியது. அந்த மெஷினைவிட நம் சப்பரம் அகலமா?

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லாமல் போனது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள், நம்மவர்களை இன்றைக்கும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் திருச்சபை கறுப்பு நாள் அனுசரிக்கிறது. கறுப்புத் துணி குத்திக்கொண்டு நானும் தஞ்சாவூர் வெயிலில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். அரசாங்கத்தைப் பார்த்துக் கத்துவது சுலபம். திருவிழாக் கமிட்டியைப் பார்த்து மெதுவாகக் கேட்பதற்குத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. பங்கு இரண்டாகிவிடும், சமாதானம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பங்கு இருந்ததா என்று யோசிக்கவில்லை. அவர்களும் தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் கொடுத்தவர்கள்தான்.

இந்த வருடம் பாலத்தைத் தாண்டினால்தான் சப்பரம் மந்திரிப்பேன் என்று பேரவையில் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் ஆயருக்கு எழுதியிருப்பதாகக் கேள்வி, எழுதட்டும், நானும் எழுதியிருக்கிறேன். பெரியவர் ஒருவர் மட்டும் சாவகாசமாக, "டேப் வச்சு அளந்துருவமே சாமி" என்றார். அளந்தாயிற்று. இரண்டு பக்கமும் முக்கால் அடி மிச்சம் இருக்கிறது. அதன் பிறகும் பேச்சு முடியவில்லை, அடுத்த ஞாயிறு மறுபடி கூடுகிறோம்.

ஆக தம்பி, ஆர்ச் அப்படியே நிற்கிறது. வரவு செலவு கோவில் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது, மீதிப் பணம் பங்குக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. கல்லுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது, அது என் பொறுப்பு, மாசாமாசம் கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பத்தாயிரத்தைத் திருப்பிக் கேட்டால் தருகிறேன், சங்கடப்பட வேண்டாம். நோட்டில் இன்னும் நாற்பத்தியொரு வீடு பாக்கி.

உங்கள் வீட்டுக்குச் சித்திரையில் போய்விட்டேன். அம்மா நன்றாக இருக்கிறார், சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒரு வேளை விட்டு விட்டுப் போடுகிறார், போனில் கொஞ்சம் அதட்டுங்கள். ஆர்ச் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் பல்பு எரியவில்லை என்றார், மாற்றிவிட்டு வந்தேன்.

போட்டோ கேட்டீர்களே, இந்தப் பதிவோடு போட்டிருக்கிறேன். இரண்டு தூணுக்கும் நடுவில் கயிறு கட்டி யாரோ புடவை காயப்போட்டிருக்கிறார்கள்.