வருவாய் விகிதம் பெரிதென்றால் லாபமும் பெரிதா?

அண்ணே, "உள்ளக வருவாய் விகிதம் எதில் அதிகமோ அதையே எடு, வேறு கணக்கு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஈட்டுகிறது என்பதுதான் அந்த விகிதம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரே கடைவீட்டுக்கு இரண்டு யோசனை இருக்கும்போது உங்கள் விதி சரிவராது.

பலகாரக் கடையில் 10,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் ஓராண்டில் 14,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 40%. டோபி (சலவை) கடையில் 50,000 போட்டால் 62,500. விகிதம் 25% தான். ஆனால் ஆண்டுக்கு 10% தள்ளுபடி செய்து, அதாவது ஓராண்டு கழித்து வரும் பணத்தை 1.1ஆல் வகுத்து இன்றைய மதிப்பாக்கிப் பாருங்கள். பலகாரக் கடையின் நிகர நிகழ்கால மதிப்பு (அந்த இன்றைய மதிப்பில் போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சுவது) சுமார் 2,727 வெள்ளி, டோபிக்கு 6,818. கூடுதலாகப் போடும் 40,000க்கு மட்டும் பார்த்தாலே 21.25% கிடைக்கிறது. அந்தப் பணத்தை அதைவிட நன்றாக ஓட்ட வேறு இடம் இருந்தால் சரி, உங்கள் பேச்சு நிற்கும். பேங்கில் தூங்கப் போகிறதென்றால் நிற்காது.

அப்புறம் நீங்கள் காட்டிய செம்பனை (பாமாயில் மரம்) கணக்கு. நட்டு சுமார் மூன்று வருடம் செலவு, பிறகு வரவு, 25 வருடம் போல ஆனதும் வெட்டி மறுநடவு செய்ய மறுபடி செலவு. வரவு செலவு இப்படி இரண்டு தரம் திசை மாறினால் ஒன்றுக்கு மேற்பட்ட விகிதம் வரலாம். எக்செல் அதில் ஒன்றை மட்டும்தான் காட்டும்.