வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட்

அக்கா மகன் இந்த வருடம் பிளஸ் டூ. கிறிஸ்தவ ஆண்கள் பள்ளி ஒன்றில் படிக்கிறான். போன வாரம் போனில் பேசும்போது, "இந்த வருஷம் சர்வீஸ் எல்லாம் கிடையாது மாமா, அந்த நேரத்துலயும் டெஸ்ட்" என்றான். சர்வீஸ் என்றால், பள்ளி நேரத்திலேயே வெளியே போய் அடுத்தவருக்குச் செய்யும் சேவை. பெற்றோர் பக்கமிருந்தே நெருக்கியிருக்கிறார்கள், பள்ளியும் சரி என்று விட்டுவிட்டது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

நான் படித்ததும் கிறிஸ்தவ ஆண்கள் பள்ளிதான், பாளையங்கோட்டையில். பிளஸ் டூ பையன்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் பாடம் இருக்காது. நாலைந்து பேராகப் பிரித்து வெளியே அனுப்புவார்கள். வருடம் முழுக்க அதே இடம், அதே ஆள். எனக்கு வாய்த்தது பார்வையற்றோர் பள்ளி. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது. அந்த கேட்டைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் போவேன், உள்ளே கால் வைத்தது அப்போதுதான்.

என் வயசுப் பையன் ஒருவனுக்கு வரலாற்றுப் பாடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவனும் பிளஸ் டூ, இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம். முதல் வாரம் சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று ஒரு பத்தியைத் தாண்டிப் படித்தேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏல, நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே. காரணத்தச் சொல்லாம விளைவுக்குப் போயிட்ட." அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

அவன் பிரெயில் எழுத்தில் குறிப்பெடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கெட்டித்தாளைச் சட்டத்தில் மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போவான். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலே எழும்பி நிற்கும், இடமிருந்து வலமாக விரலால் தடவி வாசிப்பான். அதாவது, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட வேண்டும். அந்த டக் டக் சத்தத்தின் வேகத்துக்கு வாசிக்கப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வரலாற்றை நான் வரி விடாமல் படித்ததும் அங்கேதான். அப்புறம், சேவை படிப்பைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர் அல்லாத பையன்கள். யாரும் இதை மதக் காரியமாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கு இது உயிர்நாடி. பள்ளிகள் நடத்தும் கத்தோலிக்கத் துறவற அமைப்பான இயேசு சபையின் உலகத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே, 1973-இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் தங்கள் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் முன்னால் பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் நம் கல்வியின் நோக்கம், இதுவரை அதைச் சரியாகச் செய்தோமா என்று சபையையும் சேர்த்தே கேட்டார். வசதியான குடும்பத்துப் பழைய மாணவர்கள் சிலருக்குக் கோபமே வந்தது. அவருக்கு அதைக் கேட்கும் தகுதி இருந்தது. 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, பக்கத்திலிருந்த தங்கள் துறவறப் பயிற்சி இல்லத்தை மருத்துவமனையாக்கி, முன்பு படித்த மருத்துவத்தை வைத்துக் காயங்களைக் கழுவியவர் அவர்.

நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 1969-இல், காந்தி நூற்றாண்டில் வந்த நல்ல திட்டம். ஏழு நாள் முகாமுக்கு நானும் போய் சீமைக்கருவேலம் வெட்டியிருக்கிறேன். ஆனால் முகாம் முடிந்தால் ஊருக்கும் நமக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. அதைவிட எனக்குத் தாங்க முடியாதது, ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போய், பேனர் பிடித்துப் படம் எடுத்துத் திரும்பும் அந்த ஒரு நாள். அங்கே இருக்கும் பாட்டியின் பெயர்கூட ஒரு பையனுக்கும் தெரிந்திருக்காது.

பதினேழு வயதில்தான் ஒருவன் தன்னைத் தாண்டி இன்னொருவனைப் பார்க்க ஆரம்பிக்கிறான். அந்த வருடத்தை முழுசாகத் தேர்வுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட் போதும். ஒரே ஆளிடம் அனுப்புங்கள், கேமரா வேண்டாம், சான்றிதழ் வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அக்காவோடு நானும் போகிறேன். மார்க் விஷயம் பேசி முடித்ததும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பையனை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்போம். பிளஸ் டூ பையன் இருக்கிற வீட்டுக்காரர்கள் நீங்களும் கேளுங்கள்.