கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

என் அக்கா வீடு குடியாத்தம் பக்கம். பையனுக்கு மூன்று வயது, மூளை முடக்குவாதம். வாரம் இரண்டு நாள் பீடி சுற்றுவதை விட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வேலூர் வருவாள். ஒரு தெரபி மையம், பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரம் பையன் உள்ளே, இவள் வெளியே நாற்காலியில். "அம்மா இருந்தா அழுவான்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. உள்ளே என்ன செய்தார்கள் என்று கேட்டால், "நல்லா பண்றாம்மா."

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒன்றரை மணி அவர்கள் கையில். மிச்சமெல்லாம் அக்கா கையிலும் ஆயா (பாட்டி) கையிலும்தான். அவர்களுக்குச் சொல்லித் தராத தெரபி எதற்கு?

பிறகு வேறு இடம். அங்கிருந்த பெண் முதல் நாளே, "உள்ள வாங்கக்கா, வீட்ல எப்படி சோறு ஊட்டுவீங்களோ அப்படியே ஊட்டுங்க" என்றார். அக்கா மடியில் மல்லாத்திப் போட்டு ரசம் சோறு ஊட்டினாள். அண்ணாந்த நிலையில் விழுங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், அடிக்கடி வரும் சளிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் அவர். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி ஊட்டக் காட்டினார். சட்டை போடும்போது விறைத்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

இன்னொன்று. இவனுக்குக் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். இடுப்பில் கால் அகட்டி உட்காரவைப்பது அதற்கு நல்லதாம். "மூணு வயசுப் புள்ளைய இன்னும் இடுப்புல வெச்சினு திரியறியே" என்று தெருவே ஆயாவைக் கேலி செய்தது. தெரியாமலே பாதி தெரபியை அவர் செய்துகொண்டிருந்திருக்கிறார்!

குழந்தை அழும், கவனம் சிதறும் என்பது பொய்யில்லை. முதல் சில நாள் அழட்டுமே. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1966 முதல் பாகாயத்தில் இயங்கும், இப்போது அவர் பெயரைத் தாங்கிய மறுவாழ்வு நிலையம் இருக்கிற ஊர் இந்த வேலூர். இங்கேயும் பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை செஷன்?" என்பதுதான். "நான் உள்ளே வரலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. எட்டு மாதம் நானும் கேட்கவில்லை.

இப்போது அக்கா பீடி சுற்றும்போது அவன் சுவர் மூலையில், இருபுறமும் தலையணை அண்டக்கொடுத்து, டபராவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். புகையிலைத் தூசு பக்கத்தில் வேண்டாம் என்று நான் கத்துவது தனிக்கதை. வருகிற செவ்வாய்க்கிழமை ஆயாவும் வருகிறாராம்.